ஒக்கி செய்யாதது

எங்கள் வீட்டுக் கூரையை ஒக்கி புயல் கொண்டுபோனது என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். கொண்டுபோனது நான். புயலுக்கு ஆறு மாதம் முன்பே, 2017 மே விடுமுறையில், ஆள் வைத்து, கூலி கொடுத்து, கூரைக்குள்ளிருந்து மூன்று மரங்களை அறுத்து எடுத்தேன். கூரை அன்றைக்கே போய்விட்டது. விழுந்ததுதான் நவம்பர் 30.

புயல் கதையை நான் கட்டவில்லை. ஆனால் அதைச் சொன்ன ஒருவரையும் மறுத்ததில்லை. கேட்டவர்களிடம் தலையை ஆட்டினேன். அரசாங்கத் தாளில் கையெழுத்தும் போட்டேன்.

வீடு தக்கலைக்குப் பக்கம். திருவிதாங்கூர் காலத்தில் தாத்தா கட்டியது. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே மங்களூர் ஓடு. அறைகளுக்கு மேல் பலகை பாவி, பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கும் இடத்தை எங்கள் பக்கம் மச்சு என்போம். இரண்டு பக்கச் சுவரும் அந்தப் பலகைக்கு மேல் மூன்றடி எழும்பி நிற்கும். சுவரின் தலையில் உத்திரம். உத்திரத்தில் கால் ஊன்றிக் கைமரங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் சரிந்து ஏறி, மோட்டில் முட்டும். எதிரெதிர்க் கைமரங்களைப் பிடித்துக் கட்டுகிற மாதிரி, பலகையிலிருந்து ஐந்தடி உயரத்தில் குறுக்கே ஐந்து சட்டங்கள். நல்ல அயனி மரம். ஒரு சாண் உயரம், நாலு விரல் கனம். இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. கொத்திப் பொருத்தி மரமுளை அடித்திருந்தார்கள். சின்ன வயதில் அந்தச் சட்டங்களில் பழுக்காத வாழைத்தார்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். எனக்கு அவை தார் கட்டுகிற கம்புகள். அவ்வளவுதான்.

என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். மச்சில் நிமிர்ந்து நடந்தால் நெற்றியில் இடிக்கும்.

அந்த மச்சை நான் படிப்பறையாக்க ஆசைப்பட்டேன். ஆசை என்பது பாதி உண்மை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு மேலே கான்கிரீட் மாடி எடுத்து, அதில் புத்தக அலமாரி வைத்து, எங்களைச் சாயா குடிக்கக் கூப்பிட்டிருந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு எரிந்தது. மாடி எடுக்கப் பணமில்லை. மச்சு இருந்தது. ஜன்னல் இரண்டு வைத்து, ஓட்டுக்கு அடியில் பலகை அடித்து, வெள்ளை பூசினால் அவருடைய அறையைவிட அழகாக இருக்கும் என்று மனதுக்குள் கட்டிமுடித்துவிட்டேன். குறுக்கே ஐந்து சட்டங்கள் மட்டும் நின்றன.

எங்கள் வீட்டு மரவேலைக்கெல்லாம் ஒரு மூத்த ஆசாரிதான் வருவார். அப்பா காலத்திலிருந்தே வருகிறவர். அந்த ஏப்ரலில் உடைந்த ஓடுகளை மாற்றி, இற்றுப்போன பட்டியல்களைக் கழற்றிப் புதிது அடித்துத் தந்தார். வேலை முடிந்த அன்று மச்சுக்கு அழைத்துப் போய், நடுவிலிருக்கும் மூன்று சட்டங்களையும் எடுத்துவிடலாம் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு சட்டத்தில் கைவைத்தபடி சொன்னார்: "வேண்டாம் சாரே. இது வீட்டுக்க அரைஞாண் கயிறாக்கும். இத அவுத்துட்டு வேட்டி நிக்கணும்னா எப்பிடி நிக்கும்?"

வழியே இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மோட்டுக்கு அடியில் தலைமாட்டுச் சுவரிலிருந்து தலைமாட்டுச் சுவர் வரை ஒரு கனத்த உத்திரம் போட வேண்டும். நடுவில் ஒரு தூண் கொடுத்து அதன் பாரத்தைக் கீழ்ச்சுவருக்கு இறக்க வேண்டும். கைமரங்களின் தலையை அந்த உத்திரம் தாங்க ஆரம்பித்த பிறகுதான் சட்டத்தில் கைவைக்கலாம், அதுவும் ஒவ்வொன்றாக. செலவு சொன்னார். என் மூன்று மாதச் சம்பளம். கிழவர் வேலையை இழுக்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. "ஆசாரி, நான் பிசிக்ஸ் வாத்தியாராக்கும். விசையைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம்" என்றேன். அவர் மண்வெட்டிக் கணைக்கு ஒரு துண்டு மரம் கேட்டிருந்தார். அதை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பதினொன்றாம் வகுப்புக்கு இருபத்தைந்து வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். சுவரில் சாய்த்த ஏணியின் கணக்கை எத்தனை தடவை கரும்பலகையில் போட்டிருப்பேன். ஏணியின் தலை சுவரைத் தள்ளும். கால் வெளியே வழுக்கப் பார்க்கும். தரையின் உராய்வு அதைப் பிடிக்கும். ஓட்டுக்கூரை என்பது ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு ஏணிகள். தலைகள் ஒன்றையொன்று தள்ளிச் சமனாகிவிடும். என் தலைக்குள் படம் அங்கேயே முடிந்துவிட்டது. கால்களைப் பற்றி யோசிக்கவில்லை. பெயின்டர்கள் கொண்டுவரும் இரட்டை ஏணியில் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருக்குமே, அது எதற்கு என்று கேட்டால் என் மாணவனே சொல்லியிருப்பான்.

ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போவேன். முகப்பு விதானத்தில் செதுக்கிய பூக்களை எண்ணச் சொல்வேன். அந்தக் கூரை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

மெஷின் வாள் வைத்திருந்த ஒரு பையனைக் கூட்டிவந்தேன். இருபது வயதுக்குள் இருக்கும். ரப்பர் மரம் அறுக்கிறவன். மச்சில் சாரம் கட்டி முதல் சட்டத்தின் நடுவில் வாளை வைத்தான்.

இந்த இடத்தை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். பாரத்தைத் தாங்கித் தொய்கிற மரத்தை மேலிருந்து அறுத்தால், அறுத்த வாய் இறுகி வாளைப் பிடித்துக்கொள்ளும். மரம் அறுக்கிற எல்லாருக்கும் இது தெரியும். அந்தப் பையனுக்கும் தெரியும். அதனால் ஆப்பு ஒன்றை இடுப்பில் செருகி வைத்திருந்தான். ஆப்புக்கு வேலையே வரவில்லை. பாதி அறுத்ததும் வாளை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான். "சாரே, இங்க பாருங்க. வாள் இறுகல்ல. தானே வாயத் திறக்கு."

ஏறிப் பார்த்தேன். வெட்டு விரிந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் விரிந்தது. மிச்சமிருந்த நார்கள் ஒவ்வொன்றாக டிக், டிக் என்று அறும் சத்தம் கேட்டது. மரத்தை இரண்டு பக்கமும் எதுவோ இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடப் பச்சையான சாட்சி கிடையாது. இழுவிசை என்று கரும்பலகையில் எழுதிய கை இந்தக் கை. அந்த வாய்க்குள் என் சுண்டுவிரல் போகும் போலிருந்தது.

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று எழுதினால் தப்பித்துவிடலாம். எழுத மாட்டேன். வயிற்றில் ஒரு குளிர் இறங்கியது. அந்த நிமிஷத்தில் நிறுத்தியிருந்தால் ஒரு இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் ஆசாரியின் வீட்டுப் படி ஏற வேண்டும். நான் சொன்ன வாக்கியம் எனக்கு நினைவிருந்தது, அவருக்கும் நினைவிருக்கும். "நல்லதாப் போச்சு, வேலை சீக்கிரம் முடியும்" என்று பையனிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் மூன்றும் இறங்கிவிட்டன.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. பழைய மரப் பொருத்துகளின் இறுக்கம், சுண்ணாம்புக் காரை, ஓடுகள் ஒன்றோடொன்று கவ்வியிருந்த பிடிப்பு என்று எல்லாமாகச் சேர்ந்து கூரையைக் கொஞ்சகாலம் நிறுத்தி வைத்தன. அது எனக்கு வசதியாகப் போயிற்று. ஜூன் மாதம் அலமாரி வந்தது. அறுத்த சட்டங்களில் இரண்டை இழைத்து அதற்குத் தட்டு போட்டேன். மாடிக்காரரைச் சாயாவுக்குக் கூப்பிட்டேன். அவர் அண்ணாந்து பார்த்து "அடிபொளி" என்றார்.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை. தென்மேற்கும் வரும், வடகிழக்கும் வரும். செப்டம்பரில் மேற்குச் சுவரில், மச்சுப் பலகைக்கு ஒரு சாண் மேலே, நீளவாக்கில் ஒரு விரிசல். ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தது. அக்டோபரில் ஐந்து ரூபாய் நாணயம் நுழைந்தது. தெருவிலிருந்து பார்த்தால் மோடு நடுவில் லேசாகக் குழிந்திருந்தது, கிழட்டு மாட்டின் முதுகு போல. பட்டி வாங்கிவந்து விரிசலை அடைத்தேன். மேலே வெள்ளை அடித்தேன். வேலைக்கு ஆள் வைக்கவில்லை. ஆள் வைத்தால் பார்ப்பான். எல்லாரும் தூங்கிய பிறகு, பல்பை ஒரு துணியால் மறைத்துக்கொண்டு, நானே பூசினேன். திருடன் வேலைதான். என் வீட்டில், என் சுவரில்.

அந்த மேற்குச் சுவருக்கு வெளியேதான் விறகுப் புரை. அது என் அத்தையின் இடம்.

அப்பாவின் தங்கை. இருபத்தாறு வயதில் தாலியிழந்து இந்த வீட்டுக்குத் திரும்பியவர். அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் என்னை வளர்த்தவர் அவர்தான். வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தும், வெந்நீருக்கும் மரச்சீனிக் கிழங்கு அவிக்கவும் விறகுதான் வேண்டும் அவருக்கு.

நவம்பர் 29 இரவெல்லாம் மழை. காற்று விடிய விடியக் கூடிற்று. மின்சாரம் நடுராத்திரியே போய்விட்டது. இலங்கைப் பக்கமிருந்து வந்த தாழ்வு நிலை கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் புயலாகி, எங்கள் கரையை ஒட்டிக்கொண்டு போனது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. வங்கதேசம் வைத்த பெயராம், கண் என்று அர்த்தமாம். அப்போது எங்களுக்குத் தெரிந்தது வாழைத்தோட்டம் படுத்துக்கிடந்ததும் ரப்பர் மரங்கள் முறிகிற சத்தமும்தான்.

விடிந்ததும் டார்ச்சோடு மச்சுக்குப் போனேன். விரிசல் மூன்று விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. என் பட்டி சீவல் சீவலாகத் தரையில் கிடந்தது. விரிசல் வழியாக வெளியே காற்றில் தென்னை ஆடுவது தெரிந்தது.

எதிர்வீடு கான்கிரீட் வீடு. நாற்பது அடி தூரம். கீழே இறங்கி, "எல்லாரும் எதிர்வீட்டுக்குப் போங்க, கூரை விழப்போகுது" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். காற்றினால் என்று சொல்லலாம். ஆனால் விழாமல் போய்விட்டால்? நாளைக்கு யாராவது மச்சில் ஏறிப் பார்ப்பார்கள். கயிறு கட்டி நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக் கொண்டுபோய் எதிரெதிர்க் கைமரங்களில் கட்டி, ஒரு கம்பை நுழைத்து முறுக்கினேன். ஆசாரி சொன்ன அரைஞாண் கயிறு. அதைத்தான் காட்டிக்கொள்ளாமல் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். மனைவி கீழிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். "ஒழுகுது, பாத்திரம் வைக்கேன்" என்றேன்.

கயிறு அறவில்லை. சுவர்தான் போனது. பெரிய சத்தமில்லை. ஒரு நீண்ட பெருமூச்சு மாதிரி ஒன்று. மேற்குச் சுவரின் மூன்றடி அப்படியே வெளியே மடிந்தது. கைமரங்களின் கால்கள் அதோடு போயின. ஓடுகள் சரிந்தன. நான் கிழக்குச் சுவரோடு ஒட்டி நின்றதால் எனக்குக் கீறல்தான். மச்சுப் பலகை ஓடுகளைத் தாங்கிக்கொண்டது. கீழே நின்ற என் மனைவிக்கும் மகளுக்கும் ஒன்றுமில்லை.

அத்தை புரையில் இருந்தார். விறகு நனைகிறதே என்று சாக்கு போட்டு மூடப் போயிருக்கிறார். செங்கற்கள் அவருடைய வலது காலில் விழுந்தன. கணுக்காலும் பாதமும்.

சாலை முழுக்க மரங்கள். ஆம்புலன்ஸ் வர வழியில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்வீட்டு அண்ணனும் நானும் இன்னும் இரண்டு பேரும் மாறி மாறித் தூக்கினோம். விழுந்த மரங்களின் மேலே தூக்கிக் கடத்தும்போது நாற்காலி சாயும். ஒவ்வொரு தடவையும் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொள்வார். அலறவில்லை. "மக்களே, உனக்கு அடி ஒண்ணும் இல்லியே?" என்று வழியில் கேட்டார்.

அன்றிரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கைப் போட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை. சரிவு ஒரு பக்கம் பன்னிரண்டு அடி, நீளம் இருபத்துநாலு. ஓடு சுமார் 800. ஒன்று இரண்டரைக் கிலோ என்றால் 2 டன். மரத்தோடு இரண்டரை. நனைந்த ஓடு இன்னும் கூடும். 30 டிகிரி சரிவில் ஒவ்வொரு பக்கச் சுவரையும் வெளியே தள்ளுகிற விசை ஏறக்குறைய ஒரு டன். அறுபது வருஷத்துக்கு மேலாக ஐந்து சட்டங்கள் அதை இழுத்துப் பிடித்திருந்தன. நான் மிச்சம் வைத்த இரண்டும் தலைமாட்டுச் சுவர்களை ஒட்டியவை. நடுவில் பிடிக்க ஒன்றுமில்லை. நான்கு வரிக் கணக்கு. மே மாதம் போட்டிருக்க வேண்டியது.

எங்கள் தெருவில் அதே வயசுள்ள ஓட்டு வீடுகள் இன்னும் ஆறு உண்டு. ஓடுகள் பறந்தன, ஒரு வீட்டில் தென்னை விழுந்தது. சுவர் வெளியே மடிந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். இதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. யோசிக்க அவரவர் துயரமே இருந்தது.

இரண்டாம் நாள் ஆசாரி வந்தார். நான் கூப்பிடவில்லை. சரிந்து கிடந்த கைமரத்தில் அறுபட்ட சட்டத்தின் அடிக்கட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் வாள்பல் வரி வரியாகப் பதிந்திருந்தது. அவர் குனிந்து கட்டைவிரலால் அந்த வரிகளைக் குறுக்கே தடவினார். ஒரு தடவை. பிறகு என்னைப் பார்த்தார். "அக்காளுக்குக் கால் எப்பிடி இருக்கு சாரே?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். போய்விட்டார்.

அன்று மாலையே அந்தக் கட்டைகளை ஒரு செங்கல் சூளைக்கு விறகாக ஏற்றி அனுப்பினேன். கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வருவதற்கு முன்னால். அலமாரித் தட்டுகளையும் சேர்த்து.

அவர் வந்தார். எழுதினார். புயல் சேதம் என்றிருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்து போட்டேன். நிவாரணத் தொகை பெரிதில்லை. ஆனால் வாங்கினேன். அந்த நாட்களில்தான் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்தில் கடலுக்குப் போனவர்கள் வருவார்கள் என்று பெண்கள் கரையில் காத்துக் கிடந்தார்கள். குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் சனம் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தது. புயல் தின்ற உயிர்களைத் தேடித்தரச் சொல்லி அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் திமிர் தின்ற சுவருக்கு அதே புயலின் பெயரில் நான் காசு வாங்கினேன். இதை எப்படி எழுதினாலும் இதற்கு மேல் சுத்தமாக எழுத வரவில்லை.

இன்னொன்று இருக்கிறது. இதுதான் எனக்கு எழுதக் கஷ்டம்.

மதுரையிலிருந்து என் அண்ணன் வந்தார். இடிந்த சுவரைப் பார்த்துவிட்டு, "ஏல, ஏப்ரல்ல ஆசாரி கூரையை எல்லாம் பாத்தார்லா?" என்று கேட்டார். "பாத்துட்டுத்தான் போனார்" என்றேன். நான்கு பேர் கூட நின்றார்கள். என் வார்த்தையில் பொய் இல்லை. பார்த்துவிட்டுத்தான் போனார். பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பின்பாதியை விழுங்கினேன். ஊருக்கு முன்பாதி போதுமாயிருந்தது. கிழவருக்குக் கண் சரியில்லை, இற்ற மரத்தை விட்டுவிட்டார் என்று பேச்சாகிவிட்டது. புயலுக்குப் பிறகு எங்கள் பகுதியில் கூரை வேலை கொட்டிக் கிடந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வந்து செய்தார்கள். அவரைக் கூப்பிட்டவர்கள் குறைவு. ஒருநாள் சந்தையில் அவர் முருங்கைக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனேன்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தன் பெயரை மீட்டிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நான் பல விதமாக யோசித்திருக்கிறேன். அத்தையை நினைத்தாரா, அப்பாவை நினைத்தாரா, என்னோடு பேசுவதே வேண்டாம் என்று விட்டாரா. 2021இல் இறந்துபோனார். நான் மாலை கொண்டுபோனேன். மாலை!

போன மாதம் அவர் மகன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அலுமினிய ஜன்னல் வேலை செய்கிறார். கையிலிருந்த டேப்பை இழுத்து இழுத்து விட்டபடியே கேட்டார். கடைசியில், "அப்பாவுக்குத் தெரியுமா, நீங்கதான் அறுத்தீங்கன்னு?" என்றார். தெரியும் என்றேன். "அப்பம் சரி" என்றார். எது சரி என்று நான் கேட்கவில்லை. சாயா தரவில்லை. தந்திருந்தால் குடித்திருக்க முடியாது.

அத்தைக்கு எண்பது நெருங்குகிறது. இரண்டு ஆபரேஷன் ஆன கால். பாதம் உள்பக்கம் திரும்பியே இருக்கும். விறகுப் புரைக்குப் போவதில்லை. கோயிலுக்கும் போவதில்லை. ஐப்பசி மழை தொடங்கினால் எலும்புக்குள் வலி வரும் என்பார். "காத்து இல்லியா கொண்டுபோச்சு, யார என்ன சொல்ல" என்று வலியோடு முடித்துக்கொள்வார். எட்டு மாதத்துக்கு ஒருமுறை செருப்புத் தைக்கிறவரிடம் அழைத்துப் போய் வலதுகாலுக்குத் தனி அளவில் தைத்து வாங்குகிறேன். அத்தை அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார்.

கண்ணில் புரை விழுந்த பிறகு அவரால் எழுத்துக்கூட்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்தான் பத்திரிகைகளை வாசித்துக் காட்டுவேன். ஒரு பக்கத்தைத் தாண்டினால் கண்டுபிடித்துவிடுவார், தாள் புரளும் சத்தத்தை வைத்து. இந்தப் பக்கத்தையும் நான்தான் வாசிக்க வேண்டும்.